முடிவு லோகோ: பூனையா, வெறும் வடிவமா?

தொடர் முடிந்ததும் வரும் ஸ்டுடியோ லோகோவுக்கு உயிருள்ள முகமா, வெறும் வடிவமா? அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு: எம்டிஎம், ஸ்கிரீன் ஜெம்ஸ் என்ற இரண்டு தொடர் தயாரிப்பு நிறுவனங்கள். முதலாவதன் லோகோ ஒரு பூனைக்குட்டி, இரண்டாவதன் 1965 லோகோ ஆங்கில 'எஸ்' எழுத்து வடிவம்.

செலவு: எஸ்ஸை ஒருமுறை செய்தால் போதும். பூனைக்குத் தொடருக்குத் தொடர் வேலை. 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்றால் போலீஸ் தொப்பி. 'செயின்ட் எல்ஸ்வேர்' என்றால் அறுவை சிகிச்சை முகக்கவசம். 1988இல் அந்தத் தொடர் முடிந்தபோது, லோகோவில் இதயத்துடிப்புக் கோடு நேராகிப் பூனையே செத்துப்போனது! இந்தக் குறும்பு எந்த வடிவத்துக்கும் வராது.

ஒலி: பூனைக்கு ஒரு மியாவ். எஸ்ஸுக்கு இசையமைப்பாளர் எரிக் சிடேயின் சின்தசைசர் (மின்னணு) இசை. அதைக் கேட்டுப் பயந்த குழந்தைகளால் 'நரகத்து எஸ்' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது.

விதவிதமான தொடர் எடுப்பவருக்குப் பூனை சரி. வேலை குறைய வேண்டுமென்றால் எஸ். இசையை மட்டும் கொஞ்சம் மென்மையாக்கிக்கொள்ளுங்கள்.