ஸ்வால்பார்ட் கப்பல் பயணம்: பணம் கட்டும் முன் கப்பலின் பெயரைக் கேளுங்கள்

ஆர்க்டிக்கில் நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கப்பலில் போகலாம், பனிக்கரடி பார்க்கலாம் என்று விளம்பரம் பார்த்து யாராவது பணம் கட்டத் தயாராக இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நானும் என் கணவரும் ஒரு பயண முகவரிடம் ஆளுக்கு 8 லட்சத்துக்கு மேல் கொடுத்து, 2025 ஜூலை கடைசியில் போய் வந்தோம். எங்களிடம் விற்றது ஒரு பயணம், கூட்டிப்போனது வேறொன்று. அதே படங்களைப் போட்டு அடுத்த கோடைக்கும் அந்த முகவர் ஆள் சேர்க்கிறார் என்று தெரிந்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதிவு செய்தபோது காட்டிய திட்டம் இது: சுமார் 120 பேர் மட்டும் ஏறும் சிறிய கப்பல். அங்குள்ள முக்கிய ஊரான லாங்யியர்பியனில் புறப்பட்டு, அந்தக் கூட்டத்திலேயே பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனை ஒரு முழுச் சுற்று. அதில் வடகிழக்கில் உள்ள ஹின்லோப்பன் நீரிணையும் அதன் கரையிலிருக்கும் அல்கெஃபியெல்லெட் பாறையும் அடக்கம். பனிக்கரடியை விட எனக்கு முக்கியம் அந்தப் பாறைதான். நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கருங்கல் தூண்களில் சுமார் 60,000 ஜோடி ப்ரூனிக் கில்லிமாட் பறவைகள் கூடு கட்டாமலே, வெறும் கல் விளிம்பில் முட்டையிடும். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், பறக்கத் தெரியாத நிலையிலேயே, மேலிருந்து கடலுக்குக் குதிக்கும். தரையில் விழுந்தால் கீழே நரி காத்திருக்கும். தண்ணீரில் விழுந்தால் அப்பா பறவை கூடவே நீந்திக் கூட்டிப்போகும். இது நடப்பது ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும். அதற்காகவே அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தேன், முகவரிடமும் தெளிவாகச் சொன்னேன். "கண்டிப்பா மேடம், அதுதானே ஹைலைட்டே" என்றார்.

முழுப் பணமும் கட்டி, விசாவும் வந்து, விமான டிக்கெட்டும் எடுத்த பிறகு ஒரு மின்னஞ்சல். 'செயல்பாட்டுக் காரணங்களால்' கப்பல் மாற்றப்படுகிறதாம், புதிய கப்பல் 'இணையான அல்லது மேலான' தரம் கொண்டதாம். அதில் பயணிகள் எத்தனை பேர் என்று எங்கேயும் இல்லை. போன் செய்து கேட்டபோது நானூறுக்கு மேல் என்றார். வழித்தடம் மாறுமா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்படியேதான் மேடம். கப்பல் பெருசுன்னா உங்களுக்குத்தானே வசதி? ஸ்விம்மிங் பூலே இருக்கு" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். 'திட்டமிட்டபடி' என்று ஒற்றை வரி வந்தது. அந்த ஒற்றை வரிதான் இன்று என்னிடம் இருக்கும் முக்கியமான சான்று.

அவர் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக்கூடாது. 2025 ஜனவரி 1 முதல் எல்லாப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் இது பொருந்தும். கிழக்குப் பக்கத்து இயற்கைக் காப்பகங்களில் இந்த வரம்பு அதற்கு முன்பிருந்தே உண்டு, அல்கெஃபியெல்லெட் அப்படி ஒரு காப்பகத்துக்குள் இருக்கிறது. அப்படியென்றால் கப்பலை மாற்றிய நாளிலேயே எங்கள் வழித்தடம் செத்துவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

சட்டத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்தத் தீவுகளுக்கு அது தேவை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கரையிறங்க இப்போது 43 இடங்களில்தான் அனுமதி. பனிக்கரடிக்கும் நமக்கும் நடுவே குறைந்தது 300 மீட்டர் இருக்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். விளம்பரத்தில் கப்பல் முனைக்கு நேர் கீழே கரடி நின்று அண்ணாந்து பார்ப்பது போன்ற படம் இருக்கிறதே, அது இன்று சட்டப்படி கிடைக்கக்கூடிய காட்சி அல்ல. அந்தப் படத்தைக் காட்டி யார் விற்றாலும் சந்தேகப்படுங்கள்.

கப்பலில் ஏறிய பிறகும் உண்மையைச் சொல்லவில்லை. முதல் மாலைக் கூட்டத்தில் திரையில் காட்டிய வரைபடத்தில் வழி மேற்குக் கரையோடு நின்றுவிட்டது. ஹின்லோப்பன் என்ன ஆயிற்று என்று கேட்டால், "பனி அதிகம், பாதுகாப்பு முக்கியம்" என்றார்கள். நார்வே வானிலை நிறுவனம் கடல்பனி வரைபடத்தைப் பொதுவில் வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். என் கணவர் கைபேசியில் திறந்து பார்த்தார். நீரிணை முழுக்கத் திறந்த தண்ணீர். மறுநாள் ஒரு இளம் வழிகாட்டியிடம் அதைக் காட்டினேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இத்தனை பேரை வைத்துக்கொண்டு அங்கே போக எங்களுக்கு அனுமதியே இல்லை" என்றார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

கரையிறங்கும் நாட்களும் காத்திருப்பிலேயே போயின. பொறுப்பான நிறுவனங்கள் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் விடுவதில்லை. அதுவும் சரியான விதிதான். ஆனால் நானூறு பேர் இருந்தால் நான்கு அணி ஆகிறது. ரப்பர் பூட்ஸின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய மண்ணையும் புல் விதையையும் பிரஷ்ஷால் நோண்டி எடுத்து, கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்து, உயிர்காப்பு அங்கியோடு படிக்கட்டு வரிசையில் நிற்போம். முறை வரும்போது காற்று ஏறிவிட்டது என்று ரத்து செய்வார்கள். நன்றாக அமைந்தது நியூ-ஓலசுண்ட் ஒன்றுதான். 1926-இல் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவின் 'நோர்கே' வான்கப்பல் வட துருவத்துக்குக் கிளம்பிய கோபுரம், 2008 முதல் இயங்கும் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இரண்டும் அங்கே இருக்கின்றன. ஆனால் அது ஆராய்ச்சிக் குடியிருப்பு, நாங்கள் போனது பறவைக்காக.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே முகவரிடம் பதிவு செய்திருந்த ஒரு வயதான தம்பதிக்கு ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசாதான் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஸ்வால்பார்ட் நார்வேயைச் சேர்ந்ததுதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஒஸ்லோவிலிருந்து அங்கே பறந்தால் ஷெங்கனை விட்டு வெளியேறிய கணக்கு. திரும்பி வர இரண்டாவது நுழைவு வேண்டும். அவர்கள் ஒஸ்லோ விமான நிலையத்தைத் தாண்டவில்லை. அந்த அம்மா அங்கே நாற்காலியில் கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் விமானம் ஏறினோம். பணம் திரும்பாது என்று அவர்களுக்கும் பதில் வந்தாயிற்று.

எங்களுக்குக் கிடைத்த பதில், அடுத்த பயணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி. கேட்டால், கப்பலையும் வழியையும் மாற்ற ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதாம். பனியாலும் காற்றாலும் வழி மாறுவது ஆர்க்டிக்கில் சகஜம், அந்த நிபந்தனையை நான் ஏற்கிறேன். தெரிந்தே போக முடியாத கப்பலில் ஏற்றிவிட்டுப் பனியின் மேல் பழி போடுவது அதில் சேராது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கப்பலின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் குறிப்பிட்ட பயணத்தில் எத்தனை பயணிகள் என்றும் கேளுங்கள், ஏனென்றால் வரம்பு ஏறியிருக்கும் ஆட்களைப் பொறுத்தது. கப்பல் மாறினால் முழுப் பணமும் திரும்பும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்க்டிக் சுற்றுலாக் கப்பல் நிறுவனங்களின் சங்கமான ஏ.இ.சி.ஓ. தன் உறுப்பினர் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, அதிலும் பாருங்கள். விசா இரண்டு முறையோ பலமுறையோ நுழைய அனுமதிக்கிறதா என்று ஸ்டிக்கரை நீங்களே படித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம், முகவர் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. நாங்கள் போட்டுவிட்டோம். அந்தத் தம்பதியும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் வந்த வேறு யாராவது இதைப் படித்தால், கப்பல் மாறியதாக வந்த மின்னஞ்சலையும் முதலில் கொடுத்த வழித்தட அட்டவணையையும் அழித்துவிடாதீர்கள்.