மியூசிக் ப்ளேயரில் பாட்காஸ்ட் கேட்கலாமா? பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பாட்டுக்கும் பாட்காஸ்டுக்கும் சேர்த்து லினக்ஸில் ஒரே ப்ளேயரைத்தான் பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், இங்கே சொல்லப்போகும் கோளாறுகள் எந்த மியூசிக் ப்ளேயரிலும் வரக்கூடியவை. பாட்டு விஷயத்தில் ஒரு குறையும் கிடையாது. பாட்காஸ்ட்தான் அவ்வப்போது படுத்தும். ஓடாது, பாதியில் நிற்கும், விட்ட இடத்திலிருந்து தொடராது. நாலு நிமிஷப் பாட்டு, டிஸ்கில் மாறாமல் கிடக்கும் ஃபைல் என்ற கணக்கில் எழுதப்பட்ட மென்பொருள் இது. பாட்காஸ்ட் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

எபிசோட் ஓடவில்லையா, உடனே செட்டிங்ஸைக் குடையாதீர்கள். ஃபீடில், அதாவது நிகழ்ச்சியின் எபிசோட் பட்டியலைத் தாங்கி வரும் ஃபைலில், ஒவ்வொரு எபிசோடுக்கும் என்க்ளோஷர் என்று ஒரு பகுதி இருக்கும். ஆடியோ ஃபைலின் முகவரி அதில்தான். அதை காப்பி செய்து விஎல்சி, எம்பிவி போன்ற வேறொரு ப்ளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் ப்ளேயரைச் சந்தேகிக்கலாம். அங்கேயும் முரண்டு பிடித்தால் அநேகமாக சர்வர் பக்கத்துப் பிரச்சினை. காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அந்த முகவரியும் பெரும்பாலும் நேராக ஃபைலுக்குப் போகாது. எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணும் சேவைகள் வழியாக இரண்டு மூன்று திருப்பம் திரும்பித்தான் போகும். பிரவுசர் சளைக்காமல் பின்னாலேயே போகும். பழைய ப்ளேயர்கள் சில நடுவழியில் நின்றுவிடும்.

ஃபீடே புதுப்பிக்காமல் போனால், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழையும் பாருங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவச சேவை தரும் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்த பழைய ரூட் (மற்றவற்றுக்கு ஆதாரமான மூலச் சான்றிதழ்) ஒன்று காலாவதியானது. பாதுகாப்பான இணைப்பைக் கையாளும் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய லைப்ரரிகள், புதிய ரூட் கையில் இருந்தும் பழையதையே பிடித்துக்கொண்டு இணைப்பை மறுத்தன. ஒரு ஃபீட் வரும், இன்னொன்று வராது. திட்டு விழுந்ததோ ப்ளேயருக்கு!

ஆடியோவைச் சுருக்கி விரிக்கும் கோடெக்கால் வரும் தொல்லை இப்போது ரொம்பக் குறைவு. எம்பி3 காப்புரிமைகள் 2017-இல் முடிந்தன. அடுத்த வருடமே, பல லினக்ஸ் ப்ளேயர்கள் நம்பியிருக்கும் ஜிஸ்ட்ரீமர் என்ற மென்பொருளின் 1.14 பதிப்பில், எம்பி3 காப்புரிமை போன்ற சிக்கல் உள்ளவற்றுக்கான ‘அக்லி’ தொகுப்பிலிருந்து ‘குட்’ தொகுப்புக்குப் போனது. குட், பேட், அக்லி என்றுதான் அவற்றுக்கு நிஜமாகவே பெயர்.

ஒரு மணி நேர நிகழ்ச்சி நாலு மணி நேரம் என்று காட்டுகிறதா? ஃபைல் வேரியபிள் பிட்ரேட்டாக இருக்கும், அதாவது ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் டேட்டா இடத்துக்கு இடம் மாறும். மொத்த நீளத்தைச் சொல்லும் ஸிங் ஹெடர் இல்லாத ஃபைலில், சில ப்ளேயர்கள் ஆரம்பத்து பிட்ரேட்டை வைத்தே முழு நீளத்தையும் மதிப்பிடும். தொடக்கத்தில் லேசான அமைதி, 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32 கிலோபிட்); பேச்சு தொடங்கியதும் சராசரி 128. நாலு மடங்கு கணக்கு அப்படித்தான் வருகிறது. ஸ்லைடரை நகர்த்தினால் நினைத்த இடத்துக்கும் போகாது. ஆடியோவைத் தொடாமல் எஃப்எஃப்எம்பெக் என்ற ஆடியோ-வீடியோ கருவியில் ‘காப்பி’ முறையில் புது ஃபைலாக எழுதினால் ஹெடரும் சேர்ந்துவிடும். சில நொடி வேலை.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் குழப்பியது விளம்பரம். பல நிறுவனங்கள் டவுன்லோட் நேரத்தில்தான் விளம்பரத்தைச் செருகுகின்றன. அதே எபிசோட் காலையில் ஒரு நீளம், மாலையில் வேறு நீளம். ப்ளேயர் ‘23-வது நிமிஷம்’ என்று குறித்து வைத்திருக்கும். மறுபடி ஸ்ட்ரீம் செய்தால் 23-வது நிமிஷத்தில் வேறு வாக்கியம் ஓடும். பாதியில் அறுந்த டவுன்லோடைத் தொடர்ந்தால் இன்னும் மோசம். ஃபைல் மாறியிருக்கிறதா என்று சர்வரிடம் விசாரிக்க, இணையத்தில் ஃபைல் இறங்கும் முறையான எச்டிடிபியில் வசதி உண்டு. அதைக் கேட்காத ப்ளேயர், முன்பாதியை ஒரு பதிப்பிலிருந்தும் பின்பாதியை இன்னொன்றிலிருந்தும் ஒட்டிவிடும். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு கிரீச் சத்தம், பிறகு கேட்ட வாக்கியமே திரும்ப வரும், அல்லது ஒரு பதில் காணாமல் போயிருக்கும். அறுந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்குவதுதான் தீர்வு.

ஸ்ட்ரீமிங்கை அதனால் முழுக்க விட்டுவிட்டேன். பாஸ் செய்துவிட்டுச் சாப்பிடப் போனால், சும்மா கிடக்கும் இணைப்பை சர்வர் துண்டித்துவிடும். திரும்பி வந்து ப்ளே அழுத்தினால், எபிசோட் முடிந்துவிட்டதாக நினைத்து ப்ளேயர் அடுத்ததற்குத் தாவுகிறது. டவுன்லோட் செய்து கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. 128 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் 58 எம்பிக்குள் அடங்கும். இன்றைய டிஸ்கில் அது ஒரு பொருட்டே இல்லை. புது எபிசோட் தானாக இறங்கும்படி வைத்திருக்கிறேன், கேட்டதை நானே அழிக்கிறேன்.

சாப்டர் குறிகளை மட்டும் இந்த ப்ளேயர் இன்னும் காட்டுவதில்லை. சாப்டர் பிரித்த நீண்ட பேட்டி என்றால் ஃபோன் ஆப்தான்.