டிராகன் வயிற்றில் இலவம்பஞ்சா, பைபரா?

பேத்திக்கு இரண்டு டிராகன் பின்னிக் கொடுத்தேன். இரண்டும் பச்சை அக்ரிலிக் உல்லன், முதுகில் சிவப்பு முக்கோணச் செதில், ஒன்றேகால் அடி நீளம். முதலாவதில் அடைத்தது இலவம்பஞ்சு, இரண்டாவதில் பாக்கெட்டில் விற்கும் பாலியஸ்டர் பைபர். யாராவது கேட்டால் பைபர் என்றுதான் சொல்வேன். காரைக்குடிக்காரி இப்படிச் சொல்வது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. என் கல்யாணச் சாமானில் வந்த மெத்தை, தலையணை எல்லாமே இலவம்பஞ்சு. முதல் டிராகனுக்காக அதில் ஒரு தலையணையைத்தான் பிரித்தேன்.

விலையில் பேச ஒன்றுமில்லை, ஒரு பொம்மைக்கு எவ்வளவு பிடித்துவிடப் போகிறது? தொடுவதற்கு இலவம்தான் இதம். பைபர் கொஞ்சம் துள்ளும்.

பஞ்சு வெளியே வருவதுதான் முதல் தொல்லை. இலவம் இழை குட்டை, வழவழப்பு, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. தனியாக நூல் நூற்க அது தோதுப்படாததும் அதனால்தான். நான் ஸ்வெட்டர் பழக்கத்தில் 8 நம்பர் ஊசியில் பின்னியிருந்தேன். அடைத்ததும் கண்ணிகள் விரிந்து, கழுத்திலும் கக்கத்திலும் வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. இலவு காத்த கிளி கதையில் காய் வெடித்துப் பறக்குமே, அது எங்கள் வீட்டுப் பட்டாலையில் நடந்தது. பேத்திக்குத் தும்மல் வேறு. பழைய வேட்டித் துணியில் உள்பை தைத்தால் நிற்கும். உடம்புக்குச் சரி, விரல் பருமன் வாலுக்கு யார் பை தைப்பது? இரண்டாவதை 10 நம்பர் ஊசியில் நெருக்கமாகப் பின்னினேன் (நம்பர் கூடினால் ஊசி மெலியும்). அதனால் இந்த ஒரு விஷயத்தில் என் ஒப்பீடு முழு நியாயமில்லை.

ஆனால் என் மனதை மாற்றியது துவைப்பு. பேத்தி வெண்டைக்காய் மண்டிக் குழம்பில் டிராகன் வாலை முக்கிவிட்டாள். வாளியில் போட்டால் அது மூழ்கவே இல்லை. இலவம் இழை உள்ளே கூடு, மேலே மெழுகுப் பூச்சு; ஒரு காலத்தில் கப்பல் மிதவை ஜாக்கெட்டுகளில் அதை அடைத்தார்கள். டிராகன் நீந்துவதைப் பார்த்துப் பேத்திக்கு ஒரே குஷி. நான் அமுக்கிப் பிழிந்தேன், அதுதான் தப்பு. ஐப்பசி மாதம், முற்றத்தில் வெயில் தலைகாட்டினால் அதிசயம். மூன்றாம் நாள் மேலே காய்ந்துவிட்டது, வயிற்றைத் தொட்டால் சில்லென்று இருந்தது. முகர்ந்தால் பூஞ்சை வாடை. தையலைப் பிரித்தேன்: எலுமிச்சங்காய் அளவில் கட்டி கட்டியாகப் பஞ்சு. என் மாமியார் தலையணை உறையைத்தான் துவைப்பார், பஞ்சை வெயிலில் கொட்டி உதறுவதோடு சரி. ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பைபர் டிராகன் மேல் ரசம் கொட்டியது. சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டில் சுற்றி அமுக்கி, சுளகில் படுக்க வைத்தேன். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் பின்னல் நீண்டுவிடும். மறுநாள் சாயந்திரம் பேத்தி கையில் இருந்தது. இதுவரை ஐந்து துவைப்பு, ஒரு கட்டி இல்லை.

பைபர் டிராகனுக்கு வயது எட்டு மாதம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போதே கழுத்து லேசாகத் தொங்குகிறது. பஞ்சு தளர்ந்ததா, பின்னல் தளர்ந்ததா என்று பிரித்தால்தான் தெரியும். ‘பிளாஸ்டிக்தானே அம்மா’ என்கிறாள் மகள். மறுக்க முடியாது, வெளியே இருக்கும் அக்ரிலிக்கும் அதே சாதிதான். பிள்ளைகள் கை படாமல் அலமாரியில் வைக்கிற பொம்மை என்றால், உள்பை தைக்கப் பொறுமையும் இருந்தால், இலவம்பஞ்சே அடையுங்கள். என் முதல் டிராகன் இப்போது அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவதற்குப் பேத்தி யாளி என்று பேர் வைத்துவிட்டாள். கோயில் தூணில் பார்த்ததுபோல் தும்பிக்கை வேண்டுமாம். பச்சை நூல் மிச்சம் இருக்கிறது, பைபரும் அரை பாக்கெட் இருக்கிறது.