எரிமலைச் சீற்றம்: எந்த அளவுகோலை நம்புவது?

2011-ல் தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. காற்று வேகக் கணக்கில் அது மிகத் தீவிரப் புயல். 2024-ல் வந்த ஃபெஞ்சல் வெறும் 'புயல்'தான். ஆனால் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்குக் குறையாமல் கொட்டித் தீர்த்துவிட்டது. காற்றை வைத்துத் தரம் பிரித்தால் மழை கணக்கில் வராது. எரிமலைகளை அளப்பதிலும் இதே வம்புதான்.

செய்திகளில் அடிபடுவது வி.இ.ஐ. என்ற வெடிப்புக் குறியீடு. 1982-ல் நியூஹால், செல்ஃப் என்ற இருவர் வகுத்தது. 0 முதல் 8 வரை போகும். புகைத்தூணின் உயரத்தையும் பார்ப்பார்கள். ஆனாலும் படியை முடிவு செய்வது பெரும்பாலும் வெடித்துச் சிதறிய சாம்பல், கற்களின் கன அளவு. 2-க்கு மேல் படிக்குப் பத்து மடங்கு. மனிதர் எழுதி வைக்காத காலத்து வெடிப்புகளுக்கு இது கைகொடுக்கும். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த சுமத்ராவின் தோபாவுக்கு 8 கொடுத்திருக்கிறார்கள். அதன் சாம்பல் நம் வங்கக் கடலின் அடியிலும் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்திலும் இன்றும் கிடக்கிறது.

வழிந்தோடும் எரிமலைக் குழம்பு வந்தால் மட்டும் இந்தக் குறியீடு கோட்டை விட்டுவிடும். 1783-ல் ஐஸ்லாந்தின் லாக்கி பிளவு எட்டு மாதம் கக்கியது. குழம்பு மட்டுமே ஏறத்தாழ 14 கன கிலோமீட்டர். நச்சுவாயுவில் கால்நடைகள் மடிந்து, பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டார். குறியீட்டிலோ அதற்கு வெறும் 4!

அடுத்தது மேக்னிடியூட். வெளிவந்த மொத்தப் பொருளின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மடக்கை (10-ஐ அடியாகக் கொண்ட லாக்) கண்டு, 7-ஐக் கழித்தால் போதும். குழம்பும் சேர்வதால் லாக்கி 6.6 வாக்கில் வந்து, 6-ஐ ஒட்டி நிற்கும் பிலிப்பைன்ஸின் பினடுபோவை முந்திவிடுகிறது. சரி, 1991 ஜூன் 15-ல் பினடுபோ சில மணி நேரத்திலேயே பெரும்பகுதியைக் கக்கிவிட்டதே, அந்த வேகம்? அதற்கு 'இன்டென்சிட்டி' என்று தனி அளவு உண்டு: நொடிக்கு எத்தனை கிலோ என்பதன் மடக்கையோடு 3-ஐக் கூட்ட வேண்டும். என் ஓட்டு இந்த இரட்டை அளவுக்குத்தான்.

ஆனால் பூமி குளிருமா என்று கேட்டால் இவை இரண்டும் பதில் சொல்லாது. வெயிலை மறைத்துக் குளிரவைக்கும் கந்தகத்தைப் பார்க்க வேண்டும். 1980-ல் வெடித்த அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ், 1982-ல் வெடித்த மெக்ஸிகோவின் எல் சிச்சோன் இரண்டுக்கும் வி.இ.ஐ. 5. முதலாவது சுமார் 10 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடு விட்டது, இரண்டாவது சுமார் 70 லட்சம் டன்.

அப்புறம் 2022-ல் பசிபிக் தீவு நாடான டோங்காவின் கடலடி எரிமலை வந்தது. கந்தக டை ஆக்சைடு ஐந்து லட்சம் டன்னைச் சுற்றித்தான். மேல் வளிமண்டலத்துக்கு ஏற்றியதோ சுமார் 15 கோடி டன் நீராவி. அதற்கு இந்த அளவுகோல்கள் எதிலும் இடமே இல்லை.