குளிரில் அணைந்த கைத்தொலைபேசிக்குப் புதுப் பற்றரி போடுமுன் கால் மணி நேரம் பொறுங்கள்

கடந்த ஜனவரியில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில், பழுதாகாத ஒரு பற்றரியை மாற்றுவதற்காக 180 டொலரைக் காசாகக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் நம்மவர், தமிழிலேயே விளக்கம் சொன்னார் என்பதால், வேறு இடத்தில் கேட்டிருக்கக்கூடிய இரண்டொரு கேள்விகளை அங்கே நான் கேட்கவில்லை. பொதி விநியோகம் செய்பவர்களும், பனி அள்ளும் வேலைக்குப் போகிறவர்களும், பேருந்துக்காகத் தெருவில் காத்து நிற்கிறவர்களும் இதே பொறியில் விழக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

பொதி விநியோக வேலையில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பொதியை வைத்துவிட்டு அதைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றவேண்டும். அன்று வெப்பநிலை மறை 19 பாகை. காற்றும் பலமாக வீசியது. முற்பகல் முழுவதும் தொலைபேசியை ஜக்கெற்றின் வெளிப் பொக்கெற்றிலேயே வைத்திருந்தேன். ஒரு வீட்டுப் படியில் கமராவைத் திறந்தபோது, 47 வீதம் என்று காட்டிக்கொண்டிருந்த திரை ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்துபோனது. அதே வாரத்தில் அது மூன்றாவது தடவை. எஞ்சிய முகவரிகள் எல்லாம் தொலைபேசிக்குள் இருந்ததால், பதற்றத்தோடு அருகிலிருந்த கடைக்குப் போனேன்.

கடைக்குள் வரிசையில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றிருப்பேன். என் முறை வந்ததும் கடைக்காரர் தொலைபேசியை வாங்கிக் கண்ணாடி மேசைமேல் வைத்து, பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மின்கம்பி எதையும் செருகாமலே அது உயிர்பெற்று 44 வீதம் என்று காட்டியது. அந்தக் கணத்தில் நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் அவர் உடனே அதைக் கவிழ்த்துவைத்து, "பற்றரி முடிஞ்சுது அண்ணை, வீங்கத் தொடங்கீட்டுது, இனி வெடிச்சாலும் வெடிக்கும்" என்றார். கமராவின் கண்ணாடியில் மெல்லிய ஆவி படிந்திருந்ததைக் காட்டி, உள்ளே தண்ணீர் போய்விட்டது என்றும் சொன்னார். குளிரிலிருந்து வந்த மூக்குக்கண்ணாடியில் படிவது போன்ற ஆவிதான் அது. விரலால் துடைத்திருந்தாலே போயிருக்கும். அசல் அப்பிள் பற்றரிக்கு 129, உள்ளே கழுவுவதற்கு 60, அவற்றோடு 13 வீத வரி என்று கணக்குப் போட்டுவிட்டு, காசாகத் தந்தால் வரியில்லாமல் 180 போதும் என்றார். பற்றுச்சீட்டு இல்லாத மலிவு யாருக்கு இலாபம் என்று நான் யோசிக்கவில்லை. பழைய பற்றரியைக் கேட்டபோது, அதை மீள்சுழற்சிப் பெட்டிக்குள் போட்டாயிற்று என்று பதில் வந்தது.

நான்கு நாட்களின் பின் மீண்டும் குளிர் இறுகியது. புதுப் பற்றரியோடு தொலைபேசி இம்முறை 60 வீதத்திலேயே அணைந்தது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தபோது, பற்றரி அறியப்படாத பாகம் என்ற செய்தி இருந்தது. திரையின் ஒரு விளிம்பும் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. திறந்த தொலைபேசியை மூடும்போது புதிய ஒட்டுப்பட்டியை ஒழுங்காகப் போடாவிட்டால், தண்ணீர் புகாமல் காத்த அடைப்புப் போய்விடும் என்பதை அதன்பிறகுதான் அறிந்தேன். இல்லாத தண்ணீரைக் கழுவக் காசு கொடுத்து, தண்ணீர் போவதற்கு வழியும் திறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பக் கடைக்குப் போனபோது அவர் சொன்ன பதிலுக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். "இந்தக் குளிருக்கு எந்தப் போனும் நிண்டுபோகும்தானே அண்ணை, அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்றார். முதல் நாள் நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய உண்மை அதுதான். 180 டொலரை வாங்கும்வரை அதைச் சொல்லாமல் வைத்திருந்து, உத்தரவாதம் கேட்டபோது எடுத்துச் சொன்னார். பற்றுச்சீட்டு இருந்தால் 90 நாள் உத்தரவாதம் உண்டாம். போகும்போது 35 டொலருக்கு ஒரு வெப்ப உறையும் விற்கப் பார்த்தார். உறை சூட்டை உண்டாக்குவதில்லை. இருக்கிற சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துவது மட்டுமே அதன் வேலை. இரவு முழுவதும் வாகனத்தில் கிடந்து குளிர்ந்த தொலைபேசியை அதற்குள் வைத்தால், குளிரைத்தான் பத்திரப்படுத்தி வைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பொறியியல் படிக்கும் பெறாமகனிடம் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "சித்தப்பா, மாத்துறதுக்கு முதல் பற்றரியின்ர ஆரோக்கியம் எத்தனை வீதம் எண்டு பாத்தனீங்களா?" என்பதுதான். நவம்பரில், பழையதைக் கொடுத்துப் புதியது வாங்க விலை கேட்டபோது பார்த்திருக்கிறேன். 88 வீதம் இருந்தது, அதாவது புதிதாக இருந்தபோது கொண்ட மின்னில் 88 வீதத்தை அது இன்னும் கொள்ளும். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவன் விளக்கியது இதுதான். லிதியம் அயன் பற்றரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் தடித்து, அயன்கள் நகரும் வேகம் குறைந்து, உள்ளே மின்தடை ஏறுகிறது. திரை சும்மா எரியும்போது ஒன்றும் தெரியாது. கமரா, வழிகாட்டும் செயலி போன்ற ஏதாவது ஒன்று திடீரென்று கூடுதலான மின்னை இழுக்கும்போது மின்னழுத்தம் சடுதியாகச் சரிந்து, தொலைபேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. சேமித்த மின் எங்கும் போவதில்லை. சூடு திரும்பினால் அதுவும் திரும்பும். கண்ணாடி மேசையில் நான் பார்த்த 44 வீதம் அதுதான். ஐபோனை 0 முதல் 35 பாகை வரையான சூழலில் பயன்படுத்தும்படிதான் அப்பிளே எழுதிவைத்திருக்கிறது. 2017 டிசம்பரில், பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாங்கள் குறைத்ததை அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டபோதும், பற்றரிகள் திடீரென்று கைவிடுவதற்கான காரணங்களில் ஒன்றாகக் குளிரைச் சொன்னது. பற்றரி உண்மையாகவே தேய்ந்திருந்தால் குளிரில் இன்னும் விரைவாக அணையும். அதனால்தான் ஆரோக்கிய வீதத்தைக் கடைக்குப் போகுமுன் நாமே பார்த்துவைத்திருப்பது முக்கியம்.

வானிலையில் "காற்றோடு சேர்த்து மறை 30 போல உணரப்படும்" என்று சொல்கிறார்களே, அது நம்முடைய தோலுக்கான கணக்கு. தொலைபேசி காற்றின் உண்மையான வெப்பநிலையைவிடக் கீழே போகாது. காற்று அதை அந்த நிலைக்கு விரைவாகக் கொண்டுபோய்விடும், அவ்வளவே.

இப்போது தொலைபேசியை ஜக்கெற்றுக்கு உள்ளே, சட்டைப் பொக்கெற்றில், உடம்புச் சூடு படும்படி வைத்திருக்கிறேன். படம் பிடிக்க மட்டும் வெளியே எடுத்து, உடனே உள்ளே வைக்கிறேன். அதன்பிறகு வந்த மறை 17 பாகை நாளில் ஒரு தடவைகூட அணையவில்லை, அதுவும் இந்தப் போலிப் பற்றரியோடு. வெளியே கொண்டுபோகும் மேலதிகப் பற்றரியும் அதே லிதியம் இனம்தான். அதையும் உள்ளேதான் வைக்கவேண்டும். கைகளுக்கு வைக்கும் வெப்பப் பொட்டலத்தைத் தொலைபேசியோடு ஒட்டி வைக்காதீர்கள், அது பற்றரிக்கு அளவு மீறிய சூடு. நான் நெடுநாள் செய்துவந்த ஒரு பிழையையும் சொல்லவேண்டும்: அணைந்த தொலைபேசியை வாகனத்தில் ஏறியவுடனே மின்னேற்றப் போடுவேன். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் பற்றரிக்குள் லிதியம் உலோகமாகப் படிந்து, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அந்த நட்டம் சூட்டினால் திரும்பாது. தொலைபேசி கையில் சில்லிடாமல் ஆனபிறகே கம்பியைச் செருகவேண்டும். வீட்டுக்குள் வருமுன் அதை இறுக மூடும் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டால், ஆவி பையின் வெளிப்புறத்தில் படியும்.

கையில் பற்றுச்சீட்டு இல்லாததால் முறைப்பாடு செய்யவும் முடியவில்லை. அதே காரணத்தால் கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. திரை விளிம்பை ஒட்டவும் பற்றரியை மறுபடி மாற்றவும் அங்கீகாரம் பெற்ற இடமொன்றில் அடுத்த வாரத்துக்கு நேரம் எடுத்திருக்கிறேன். என்னுடைய 88 வீதப் பற்றரி மீள்சுழற்சிப் பெட்டிக்குள் போயிருக்கும் என்று பெறாமகன் நம்பவில்லை. இந்நேரம் அது வேறு யாரோ ஒருவருடைய தொலைபேசிக்குள், அசல் அப்பிள் பற்றரி என்ற பெயரில், 129 டொலருக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்கிறான்.