ஃபயர்வாலே கரன்ட் கொடுக்கட்டுமா, தனி ஸ்விட்ச் வாங்கலாமா?

சின்ன ஆபீஸுக்கு ஃபயர்வால் (இன்டர்நெட்டுக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் நடுவே நிற்கும் பாதுகாப்புப் பெட்டி) வாங்கும்போது, பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே கரன்ட் கொடுக்கும் வசதி) உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். ஐபி போன், வைஃபை ஆக்சஸ் பாயின்ட், கேமரா எல்லாம் நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட் எடுத்துக்கொள்ளும், அடாப்டர் தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கரன்டை ஃபயர்வால்தான் கொடுக்க வேண்டுமா, இல்லை சாதனங்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டியான ஸ்விட்ச்சிடம் விட்டுவிடலாமா?

சிஸ்கோ ஃபயர்பவர் 1010-ஐயே எடுத்துக்கொள்வோம். எட்டு போர்ட்டில் 7, 8 இரண்டில் மட்டும்தான் பிஓஇ. இரண்டுக்கும் சேர்த்து 60 வாட். போர்ட்டில் 30 வாட் கிளம்பினாலும் கேபிளில் போகும் இழப்பு போக, மறுமுனைக்கு உறுதியாகக் கிடைப்பது 25.5 வாட். ஒரு ஆக்சஸ் பாயின்ட், ஒரு போன் என்றால் தாராளம். பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்: 1010இ என்ற மாடலில் பிஓஇ கிடையவே கிடையாது.

இடம் மிச்சம், வயர் மிச்சம், ஒரே யூபிஎஸ்ஸில் எல்லாம் ஓடும். அதெல்லாம் சரி. சிக்கல் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் அன்றைக்குத்தான். இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கிற பெட்டி என்பதால் ஃபயர்வாலுக்குப் பாதுகாப்பு அப்டேட் அடிக்கடி வரும், ரீபூட் செய்யாமல் முடியாது. அந்த நேரத்தில் அதன் போர்ட்டை நம்பியிருக்கும் கேமராவும் அணைந்துபோகலாம், ரெக்கார்டிங்கில் ஓட்டை விழும். தனி பிஓஇ ஸ்விட்ச் இருந்தால் நெட் மட்டும்தான் போகும். கேமராவும் ரெக்கார்டரும் அதே ஸ்விட்ச்சில் இருந்தால் பதிவு பாட்டுக்கு நடக்கும். இன்னொன்று, 1010-இல் போர்ட்டை ஷட்டவுன் செய்தால் கரன்டும் நின்றுவிடும். ஹேங் ஆன ஆக்சஸ் பாயின்டை ஏணி ஏறாமல் ரீஸ்டார்ட் செய்ய அது வசதிதான். கை தவறி அடித்தால் வினை.

அதனால் இரண்டு சாதனம் வரை ஃபயர்வால் போர்ட் போதும். கேமரா ஒன்று வந்தாலே என் ஓட்டு ஸ்விட்ச்சுக்கு. வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் மொத்த வாட்டையும் பாருங்கள். 24 போர்ட்டுக்கு 370 வாட் என்றால் போர்ட்டுக்குச் சுமார் 15.4 வாட்தான் வரும், எல்லாவற்றுக்கும் 30 கிடைக்காது.

ஒரே ஒரு சாதனத்துக்கு இன்ஜெக்டர் (கேபிளுக்கு நடுவே செருகிக் கரன்ட் சேர்க்கும் சின்னப் பெட்டி) மலிவு. பேசிவ் ரகம் மட்டும் வேண்டாம். முறையான பிஓஇ, எதிரே 25 கிலோ ஓம் மின்தடை என்ற அடையாளம் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் முழு வோல்டேஜ் கொடுக்கும். பேசிவ் எதையும் கேட்காது; தப்பான சாதனத்தைச் செருகினால் அது புகைந்துபோகவும் வாய்ப்பு உண்டு.