750 வாட் எஸ்எம்பிஎஸ்: கரண்ட் போகும்வரை குறையே இல்லை

நான் போட்டிருக்கும் 750 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி, விலை குறைந்திருக்கிறதாம். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப்போகும் நண்பன், இதையே எடுக்கலாமா என்று கேட்டிருந்தான். ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் கேட்ட நேரத்தில்தான் கரண்ட் போய், கம்ப்யூட்டர் அணைந்து, நான் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரிலிருந்து ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பருக்கு மாறியபோது வாங்கியது இது. பழைய கார்டு 125 வாட், புதியது 220. இந்தக் கார்டுகளின் கம்பெனியான என்விடியா, 650 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் கார்டு எப்போதும் சீராக 220 இழுப்பதில்லை, நொடியில் ஒரு துளி நேரம் எகிறிவிட்டு இறங்கும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற தயாரிப்பு விதிப்படி, 100 மைக்ரோசெகண்டுக்குத் தன் வாட்டைப்போல் இரண்டு மடங்கு கேட்டாலும் எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும். என் பெட்டி அதற்கடுத்த 3.1 ரகம். கார்டு எகிறி அணைந்ததாக ஒரு நாள்கூட இல்லை.

சத்தமும் கிடையாது. சுமை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது. பழைய பெட்டியின் உறுமலுக்குப் பழகிய காதுக்கு, முதலில் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையோ என்று சந்தேகமே வந்தது.

ஸ்டிக்கரைப் பற்றியும் ஒன்று. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பெட்டியில் பெரிதாக 450 வாட் என்று போட்டு மலிவாக அடுக்கி வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 192 வாட்தான். கார்டும் பிராசஸரும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். என்னுடையதில் 62.5 ஆம்பியர் போட்டிருக்கிறது. கணக்கு நேராக 750-க்கு வருகிறது, ஏமாற்று வேலை இல்லை.

கார்டுக்குப் போகும் 16 பின் கேபிள் கூடவே வந்தது. 2022-ல் 4090 கார்டுகளில் உருகியதே, அந்தக் கனெக்டரின் திருத்திய வடிவம். உணர் பின்களைக் குட்டையாக்கியிருக்கிறார்கள், சரியாக உட்காராவிட்டால் கார்டு முழுப் பவரைக் கேட்காது. இருந்தாலும் டார்ச் அடித்துப் பார்த்து, இடைவெளி தெரியாதவரை அழுத்திச் செருகினேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை மட்டும் இதில் மாட்டிவிடாதீர்கள். வாய் பொருந்தும், ஆனால் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

சரி, இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. கரண்ட் போனால் மூலையிலிருந்து ‘டக்’ என்று ரிலே சத்தம் கேட்கும், ட்யூப்லைட் ஒருமுறை சிமிட்டும், ஃபேன் தன்பாட்டுக்குச் சுற்றும். பழைய 500 வாட் பெட்டி இருந்தவரை கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஓடியது. புதியது வந்தபிறகு யூடியூப் பார்க்கும்போது போனால் ஒன்றும் ஆவதில்லை. சைபர்பங்க் 2077 கேம் ஓடும்போது போனால் மட்டும் திரை கறுத்துவிடுகிறது. சேவ் செய்யாத கடைசி சண்டையை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் காரணம் எளிது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ரிலே மாறும் இடைவெளியில் அதுதான் சோறு. சுமை ஏறினால் சீக்கிரம் தீரும். பழைய கார்டுக்கு மொத்தமாக இருநூற்றுச் சொச்சம் வாட்தான் போனது, இப்போது நானூறை ஒட்டி வருகிறது. இதில் 3.1 விதி வேறு, முழுச் சுமையில் முன்பு கேட்ட 17 மில்லி செகண்டை 12-ஆகக் குறைத்துவிட்டது. இன்வெர்ட்டரின் சாதாரண மோடில் மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். பின்னால் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் மோடுக்குத் தள்ளினால் வேகமாக மாறும்தான். ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடுகிறது. மே மாதச் சாயங்காலத்தில், தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது, எங்கள் லைனில் அது தினசரிக் கூத்து. பேட்டரி காலியாகி ராத்திரி ஃபேனும் நின்றது. "உன் விளையாட்டுக்கு வீடே வேகணுமா?" என்று அம்மா கேட்டார். சுவிட்சைப் பழைய பக்கமே தள்ளிவிட்டேன்.

ஆக, குற்றவாளி எஸ்எம்பிஎஸ் இல்லை, தெரியும். ஆனாலும் ஒன்பதாயிரத்தை ஒட்டிக் கொடுத்து வாங்கிய பொருள், அதில் பாதிகூட விலை இல்லாத பழைய பெட்டி தாங்கியதைத் தாங்கவில்லை என்றால் மனசு ஆறுமா? டப்பா மேலே கோல்டு என்று எழுதியிருக்கிறது. அது மின்சாரம் எவ்வளவு வீணாகாது என்பதற்கான பட்டம். கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று டப்பாவில் எங்கேயும் காணோம். நம் ஊரில் அதைத்தானே முதலில் அச்சடிக்க வேண்டும்?

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. இத்தனை பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது உனக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் 5070 டிஐ 300 வாட் கார்டு, என்விடியா கேட்பதே 750. சுமை இன்னும் கூடும், அப்புறம் நீயும் என்னைப்போல் ஈபி-யைத் திட்டிக்கொண்டிருப்பாய். 850 எடு, கெபாசிட்டரும் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். அதற்கும் முன்னால் யூபிஎஸ்ஸுக்குக் காசு ஒதுக்கு. 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தரும், கேம் நடுவில் ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணைந்துவிடும். 1000 விஏ-க்குக் குறையாமல் பார், சைன் வேவ் (ஈபி கரண்ட்டைப்போலவே சீரான அலை) என்றால் நிம்மதி. உன் அபார்ட்மெண்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லாதே. அது உறுமிக் கிளம்பி லைனுக்கு வருவதற்குப் பல செகண்ட் ஆகும், அதுவரை தாங்க உலகத்தில் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் கிடையாது.